செல்லாக் காசின் வரலாறு

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் இருபொருள் தரும். கையில் புழங்கும் காசும் நாணயம். மனத்தில் இருக்கவேண்டிய நேர்மையும் நாணயம். 'செல்லாக் காசு' என்பதோ வசைச்சொல். மதிப்பிழந்தவனை உலகம் அச்சொல்லால் தள்ளிவைக்கிறது. ஆயினும் வரலாறு கற்பார்க்குச் செல்லும் காசைவிடச் செல்லாத காசே சிலபோது மிகுதியாகப் பேசுகிறது. அரசு அடித்த காசில் ஆள்வோன் சொல்ல விரும்பியது மட்டுமே பதிந்திருக்கும். அரசாணை ஏதுமின்றி வணிகனும், கட்சிக்காரனும், கோயில் வாசலில் கடைவிரித்தவனும் அடித்துக் கொடுத்த வட்டத் தகட்டிலோ மக்கள் விரும்பி வாங்கி மடியில் முடிந்துகொண்டது பதிந்திருக்கிறது.

இத்தகைய தகடுகளைச் சுட்ட 'வில்லை' என்னும் பழஞ்சொல்லே போதுமானது. கச்சேரிச் சேவகன் மார்புப் பட்டையில் அணிந்த பித்தளைத் தகட்டை வில்லை என்றும், அவனை வில்லைச் சேவகன் என்றும் முன்னோர் வழங்கினர். இன்று நியாயவிலைக் கடை முதல் மருத்துவமனை வரை 'டோக்கன்' என்னும் சொல் ஆட்சி செலுத்தினும், காசின் வடிவும் காசல்லாத தன்மையும் ஒருங்கே கொண்ட பொருளுக்கு வில்லை என்பது நன்கு பொருந்துகிறது.

வில்லைகளை அடிப்பதிலும் தேடிச் சேர்ப்பதிலும் பெயர்பெற்ற நாடு அமெரிக்கா. 1789இல் ஜார்ஜ் வாஷிங்டன் முதற் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது, அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் வாழ்த்தும் பொறித்த பித்தளைப் பொத்தான்களை மக்கள் தம் மேலங்கியில் தைத்துக்கொண்டனர். அரசியல் வில்லைகளின் முன்னோடி அதுவே எனலாம். 1840ஆம் ஆண்டுத் தேர்தல் இவ்வகையில் சுவையானது. வில்லியம் ஹென்றி ஹாரிசனை இகழ நினைத்த எதிர்க்கட்சி ஏடொன்று, அவர் மரக்கட்டைக் குடிசையில் ஆப்பிள் மது அருந்திக்கொண்டு கிடக்கட்டும் என்று எழுதியது. ஹாரிசனின் ஆதரவாளர்கள் அந்த இகழ்ச்சியையே கொடியாக உயர்த்தினர். குடிசைப் படம் பொறித்த செம்பு வில்லைகள் வெளிவந்தன. துளையிட்டு நூல் கோத்து அவற்றை மக்கள் அணிந்தனர். ஹாரிசன் வென்றார். ஏழைக் குடிசையை அடையாளமாகக் கொண்ட அவரோ வசதிமிக்க குடும்பத்தில் பிறந்தவர். வில்லை பொய்சொல்லவும் வல்லது என்பதை நினைவில் இருத்துதல் நன்று. இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு அது வேண்டும்.

1837இல் அந்நாட்டில் வங்கிகள் முடங்கிச் சில்லறைக் காசு மறைந்தது. வணிகர் தாமே செம்பு வில்லைகளை அடித்துப் புழங்கவிட்டனர். அவை அளவிலும் நிறத்திலும் அரசின் ஒரு சென்ட் காசையே ஒத்திருந்தன. கள்ளக்காசு என்னும் குற்றத்திலிருந்து தப்ப அவர்கள் கையாண்ட உத்தி ஒரு புலவனுக்குரிய சிலேடை. 'பாதுகாப்புக்குக் கோடி கொடுப்போம். கப்பமாக ஒரு சென்ட்டும் கொடோம்' என்னும் பொருளுடைய பழைய அரசியல் முழக்கம் ஒன்று இருந்தது. அதனை வட்டமாகப் பொறித்து, 'ஒரு சென்ட்' என்னும் சொற்களை மட்டும் நடுவில், மெய்யான காசில் அவை நிற்கும் அதே இடத்தில், பெரிதாக நிறுத்தினர். அவற்றுக்கு மேலே இருந்த எதிர்மறைச் சொல்லை அவசரத்தில் யார் பார்ப்பார்? காசென்று எண்ணி வாங்கியவனுக்குக் காசு. சட்டம் வந்து கேட்டால் 'இது சென்ட் அன்று என்று வில்லையே சொல்கிறதே' என்னும் விடை.

உள்நாட்டுப் போரின்போது மீண்டும் அதே தட்டுப்பாடு. 1862 முதல் 1864 வரை ஆயிரக்கணக்கான வகைகளில் வில்லைகள் பெருகின. நியூயார்க்கின் மதுக்கடைக்காரர் லிண்டன்முல்லர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றை அடித்தார் என்பர். டிராம் நிறுவனம் ஒன்று, தன் பயணிகள் கொடுத்தவற்றை மூட்டையாக்கி அவரிடம் மாற்றச் சென்றபோது அவர் கைவிரித்துவிட்டார் என்பது சேகரிப்பாளர் நடுவே வழங்கும் கதை. தனியார் காசடிப்பதை 1864இல் சட்டம் தடுத்தது.

அதன்பின் வில்லை சில்லறையின் வேலையை விட்டு நினைவின் வேலையை மேற்கொண்டது. 1876இல் பிலடெல்பியாவிலும் 1893இல் சிகாகோவிலும் நிகழ்ந்த பெருங்கண்காட்சிகள் அதற்குக் களமாயின. கொலம்பஸ் உருவம் பொறித்த அரை டாலரை அமெரிக்க அரசே சிகாகோ காட்சிக்காக அடித்தது. அந்நாட்டின் முதல் நினைவு நாணயம் அதுவே. ஐம்பது சென்ட் காசை ஒரு டாலருக்கு விற்றனர். விற்காமல் எஞ்சியவை பின்னர் முகமதிப்புக்கே புழக்கத்தில் விடப்பட்டன. நினைவுக்காக இரட்டை விலை கொடுத்தவர் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! காசை உருளைகளுக்கிடையே கொடுத்து நீளத் தட்டையாக்கி, அதன்மேல் புதிய முத்திரை பதித்துத் தரும் வேடிக்கையும் அக்காட்சியில்தான் தோன்றியது. செல்லும் காசைச் செல்லாக் காசாக்க மக்கள் வரிசையில் நின்றனர் என்பது எண்ணத்தக்கது. 1896ஆம் ஆண்டுத் தேர்தலில், வெள்ளியை வரம்பின்றிக் காசாக்க வேண்டும் என்ற பிரையனை எள்ளி நகையாட, தோசைக்கல்லை நினைவூட்டும் பெரிய 'பிரையன் டாலர்'கள் வார்க்கப்பட்டன. அதே தேர்தலில் மலிவான செல்லுலாய்டுப் பொத்தான் புகுந்தது. உலோக அரசியல் வில்லையின் பொற்காலம் அத்துடன் ஏறத்தாழ முடிந்தது.

சிகாகோவுக்கும் தமிழகத்துக்கும் ஒரு தொடர்புண்டு. 1893 செப்டம்பரில் விவேகானந்தர் உரையாற்றிய சமயப் பேரவை அக்கண்காட்சியை ஒட்டியே கூட்டப்பட்டது. அவரை அனுப்பச் சென்னையில் அளசிங்கப் பெருமாள் வீடுவீடாகச் சென்று பொருள் திரட்டினார். அங்கே ஒரு டாலருக்கு நினைவுக் காசு விற்றுக்கொண்டிருந்தபோது, இங்கே சிறுதொகைகளாகச் சேர்ந்த காசு கப்பற்கட்டணம் ஆயிற்று. கண்காட்சி என்பது சென்னைக்கும் புதிதன்று. எட்வர்டு பால்ஃபரின் பெருமுயற்சியால் 1855இலும், மீண்டும் 1857இலும் சென்னையில் பொருட்காட்சிகள் நடைபெற்றன; சிறந்த கைவினைக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. ஆனால் அவை மேலிருந்து கீழே வழங்கப்பட்டவை. கூட்டத்தில் நின்றவன் தன் கைக்காசைக் கொடுத்து வாங்கிச் சென்ற வில்லையைத் தேடுவோர் கண்காட்சித் திடலை விட்டுத் திருவிழாத் தெருவுக்கு வரவேண்டும்.

அங்கே கிடைப்பது இராம டங்கா. ஒரு பக்கம் இராமர் பட்டாபிடேகக் காட்சி. மறுபக்கம் வில்லேந்தி நடக்கும் இராம இலக்குவர், அல்லது அனுமன். பொன்னிலும் வெள்ளியிலும் பித்தளையிலும் செம்பிலும் இவை செய்யப்பட்டன. கிண்ணம்போல் குழிந்தவையும் உண்டு. கோயில் நகரங்களுக்கு யாத்திரை சென்றவர்கள் இவற்றை வாங்கிவந்து பூசையறையில் வைத்தனர். இவற்றைக் கொண்டு எவரும் உப்பும் புளியும் வாங்கியதில்லை. வாங்கவேண்டும் என்று எவரும் எண்ணியதுமில்லை. ஆயினும் இவை இராமபிரானே ஆண்டகாலத்துக் காசுகள் என்னும் நம்பிக்கை நெடுநாள் வழங்கிற்று. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய சர் வால்டர் எலியட், 1886இல் வெளிவந்த தம் தென்னிந்திய நாணயங்கள் பற்றிய நூலில் இவற்றுக்கும் இடமளித்தார். அமராவதிச் சிற்பங்களைச் சென்னைக்குக் கொணர்ந்தவர் அவரே. அந்நூல் உருவான இறுதிக்காலத்தில் அவர் பார்வையைப் பெரிதும் இழந்திருந்தார் என்பது, தடவிப் பார்த்தே காசின் இயல்பு சொல்லும் நம்மூர்ப் பெரியோர்களை நினைவூட்டுகிறது.

இராம டங்காவுக்கு நேர்மாறானது இலங்கைக் காப்பி வில்லை. முன்னது பக்தியின் செல்வம் எனின், பின்னது உழைப்பின் கணக்கு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் காப்பிப் பயிர் பெருகியபோது சில்லறைக் காசு போதவில்லை. ஜார்ஜ் ஸ்டூவர்ட் போன்ற வணிக நிறுவனங்களும் காப்பி ஆலைகளும் தத்தம் பெயர் பொறித்த வில்லைகளை அடிப்பித்து, கொட்டை பொறுக்கித் தூய்மை செய்வோர்க்கு வேலைக் கணக்காகக் கொடுத்தன. தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கடல் தாண்டி, மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்த தமிழ்க் கூலியாட்களின் தோளில் நின்ற தொழில் அது. 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது, தேயிலை வந்தது, வில்லைகள் வழக்கொழிந்தன. பி. லௌஸ்லி என்னும் படை அதிகாரி 1895இல் இலங்கைக் காசுகளையும் வில்லைகளையும் பட்டியலிட்டு எழுதினார். நிறுவனங்களின் பெயர் அதனால் நிலைத்தது. வழியில் மாண்டவர் பெயரையும், வில்லையை வாங்கிய கைகளின் பெயரையும் எந்தப் பட்டியலும் தாங்கவில்லை.

இனிப் புதுச்சேரிக்கு வருவோம். இங்கே புழங்கியது வில்லையன்று, முறையான நாணயமே. ஆயினும் ஆட்சி மாறியபின் அதுவும் செல்லாக் காசாகிச் சேகரிப்பாளர் கைக்கு வந்துவிட்டமையால் இவ்வரிசையில் அதற்கும் இடமுண்டு. உரூபாய் அடிக்கும் உரிமையை ஆளுநர் துய்மா, ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலியிடமிருந்து 1736இல் பெற்றார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புத் தொடங்குவதும் அதே ஆண்டில்தான். முகலாயப் பேரரசரின் பெயரால் அடித்த உரூபாய் பெருவணிகர் காசு. உழவனும் நெசவாளியும் கண்ட காசு செம்புத் துட்டு.

பிரெஞ்சுக்காரர் அதை 'தூதூ' என்றனர். நம் 'துட்டு'தான் அவர் நாவில் அப்படித் திரிந்தது. அதனினும் சிறியதைக் 'காஷ்' என்றனர்; அது 'காசு'. வெள்ளிக் காசு 'ஃபனோன்', அது 'பணம்'. கடல் கடந்து வந்தவர் சந்தையில் கீரை வாங்கவும் தமிழ்ச்சொல்லையே கடன் வாங்க வேண்டியிருந்தது. நாம் பதிலுக்குப் 'பவுன்' என்னும் சொல்லை ஆங்கிலேயரிடமிருந்து எடுத்தோம். விக்டோரியா தலை பொறித்த பொற்காசு மறைந்தபின்னும் அதன் எடை நம் நகைக்கடைகளில் எட்டுக் கிராமாக வாழ்கிறது. 'டாலர்' இன்னும் விந்தை. அமெரிக்காவில் காசாக இருப்பது தமிழ்ப்பெண் கழுத்தில் தொங்கும் பதக்கமாகிவிட்டது. காசுமாலை அணிந்த நாட்டில் அது இயல்பே. செல்வாக்கு மிக்க தலைவரின் உருவம் பொறித்த டாலரையும் மோதிரத்தையும் தொண்டர் அணிவதை நோக்குவார்க்கு ஹாரிசனின் குடிசை வில்லை அயலாகத் தோன்றாது.

புதுச்சேரித் துட்டின் ஒரு பக்கம் அல்லிமலர். பிரெஞ்சு அரசகுலத்தின் சின்னம். மறுபக்கம் வேறெந்த அலங்காரமும் இன்றித் தமிழ் எழுத்தில் 'புதுச்சேரி'. காரைக்காலின் பெயரும் அவ்வாறே தமிழில் காசேறியது. 1830இல் பாரிசில் புரட்சி நிகழ்ந்து பழைய அரசகுலம் வீழ்ந்தது. லூயி பிலிப் அரியணை ஏறினார். அல்லி போய்ச் சேவல் வந்தது. ஆறு ஆண்டுகளில் அந்தச் சேவல் வங்கக் கடலோரத்துக்கும் வந்து சேர்ந்தது. 1836 என்னும் ஆண்டுடன் சேவல் நிற்கும் துட்டைத் திருப்பினால் அதே 'புதுச்சேரி'. மன்னர் மாறினர், சின்னம் மாறியது, ஊர்ப்பெயர் எழுதிய பக்கத்தை மாற்ற எவரும் முனையவில்லை. ஆட்சியாளரின் தமிழ்ப்பற்று என்று இதனைப் புகழ்வது மிகை. தமிழில் எழுதாவிட்டால் சந்தையில் காசு ஓடாது என்னும் வணிகக் கணக்கே காரணம் எனல் பொருந்தும். அந்தக் கணக்கு, தமிழ் படித்த வாங்குவோரும் விற்போரும் தெருவில் இருந்தனர் என்பதற்குச் சான்றாகிறது. பற்றினும் அது வலிய சான்று.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியோடு இங்கே காசடிப்பு ஓய்ந்தது. பிரித்தானிய இந்தியக் காசும், 1877இல் இங்கே கிளை திறந்த இந்தோசீன வங்கியின் தாளும் புழங்கின. வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் ஆங்கிலேயர் நிலத்தோடு கந்தலும் ஒட்டுமாகப் பின்னிக் கிடந்தவை. சேதராப்பட்டைச் சுற்றி இன்றும் விழுப்புரம் மாவட்ட ஊர்கள் நெருங்கி நிற்பதைக் காண்பவர், இரு ஆட்சியின் காசும் ஒரே சுருக்குப்பையில் கிடந்திருக்கும் என்பதை உணர்வர். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. 178 பேருள் 170 பேர் இந்தியாவுடன் இணைய விரும்பினர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. பிரெஞ்சுத் தாள்களும் அத்துடன் பெட்டியடியில் செல்லாக் காசாகப் படுத்தன.

பெட்டியடியில் கிடப்பதற்குப் பேராபத்து இப்போது வேறு வழியாக வருகிறது. 'கிழக்கிந்தியக் கம்பெனி 1818' என்று ஆங்கிலத்தில் எழுதி, இராமர் சீதை அல்லது அனுமன் உருவத்தைப் பொறித்து, அணாக் கணக்கும் குறித்த செம்பு வில்லைகள் ஊர்தோறும் கிடைக்கின்றன. கம்பெனி இத்தகைய காசை அடித்ததே இல்லை. இவை பிற்காலத்தார் செய்த யாத்திரை வில்லைகள். இராம டங்காவின் ஏழைத் தம்பிகள். மக்கள் ஏமாறுவதற்குச் சிறிது நியாயமும் உண்டு. கம்பெனி சென்னையில் அடித்த வராகன்களில் தெய்வ உருவங்கள் இருந்தன. மூன்று உருவம் உடையதை 'மூன்று சாமி வராகன்' என்றே அழைத்தனர். ஆகவே தெய்வ உருவத்தைக் கண்ட மாத்திரத்தில் பொய் எனத் தள்ள இயலாது. ஆண்டையும் மதிப்பையும் எழுத்தமைதியையும் ஒப்பிட்டே துணிய வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லாத இடத்தில் தரகன் நுழைகிறான். இந்தக் காசு அரிசியை இழுக்கும், இதில் இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டார் கோடி தருவர் என்கிறான். சோதனைச் செலவு, முன்பணம் என்று சேமிப்பைக் கறந்துகொண்டு மறைகிறான். அரிசியை இழுக்கும் செம்பு உலகில் இல்லை. பாட்டி பூசையில் வைத்திருந்த வில்லை, பேரன் காலத்தில் அவன் நிலத்தை விற்கவைக்கும் கருவியாகிறது. நாளிதழ்களில் இம்மோசடி மீண்டும் மீண்டும் செய்தியாகியும் ஓய்ந்தபாடில்லை.

மெய்யான காசுக்கோ வேறு முடிவு. அது பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போகிறது. உருக்குலைக்குப் போகவிருந்த செம்புத் துண்டுகளில் வரலாறு இருப்பதை உணர்ந்து தேடியவர் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி. 'பெருவழுதி' என்று தமிழ்ப் பிராமியில் பெயர் பொறித்த பாண்டியர் காசை அவர் வெளிப்படுத்தியதால், சங்கப் பாட்டில் மட்டும் கேட்ட பெயர் செம்பிலும் கண்ணுக்குத் தெரிந்தது. சங்ககாலத் தமிழ் நாணயங்கள் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1997இல் வெளிவந்தது. அவர் 2021இல் மறைந்தார். புதுச்சேரியில் அதே தொண்டைப் பேராசிரியர் ழுவோ துப்ரேய் செய்தார். அரிக்கமேட்டில் மழைக்குப்பின் சிறுவர்கள் பொறுக்கும் மணிகளைக் காசு கொடுத்து வாங்கினார். 1937இல் அகஸ்டசின் தலை செதுக்கிய கல் அவர் கைக்கு எட்டியது. கல்லின் அழகைவிட, அது எந்த மேட்டில் கிடைத்தது என்பதை அவர் விடாமல் பற்றியதுதான் பெரிது. அந்த இடக்குறிப்பை அடியொற்றி 1945இல் வீலர் அகழ்ந்தார். உரோமானிய வணிகத்தின் காலக்கணக்கு அங்கே கிடைத்தது. ஊர்ப்பெயர் இழந்த மணி வெறும் மணியாகவே நின்றிருக்கும்.

வில்லியனூர்த் தேரோட்டத்திலும் பிற ஊர்த் திருவிழாக்களிலும் விற்ற வில்லைகள், ஊர்ச் சங்கங்கள் கொடுத்த பதக்கங்கள், ஆலை உணவுக்கூடத்துப் பித்தளைத் தகடுகள், தேர்தல்தோறும் சட்டையில் குத்திய சின்னங்கள் ஆகியவற்றை எவரும் இங்கே முறையாகத் தொகுத்ததில்லை. சேதராப்பட்டில் தொழிற்பேட்டை வந்தபின் தோன்றிய தொழிலாளர் வாழ்க்கைக்கும் இத்தகைய சிறுபொருள்கள் சாட்சியாக நிற்கக்கூடும். தொகுக்க விழைவோர்க்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. எடை காண ஒரு சிறு தராசு, ஒரு பூதக்கண்ணாடி, தடித்த தாளுறைகள் சில. உறையின்மேல் எந்த ஊர், எந்த நாள், வீட்டில் எங்கே கிடந்தது, கொடுத்தவர் அதைப் பற்றி என்ன சொன்னார் என்று எழுதவேண்டும். அவர் சொன்னது பிழையாயினும் திருத்தாமல் அப்படியே எழுதுதல் நலம். இராமர் ஆண்டகாலத்துக் காசு என்று அவர் சொன்னால், அந்த நம்பிக்கையும் வில்லையின் வரலாற்றில் ஒரு பகுதியே. செம்பைக் கண்டதும் புளியிட்டுத் துலக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். குத்துவிளக்குக்குப் பொருந்தும் அப்பழக்கம் பழங்காசின் பச்சைப் படலத்தோடு, அதன்கீழ் எஞ்சியிருக்கும் எழுத்தின் விளிம்பையும் தின்றுவிடும். பளபளக்கும் துட்டில் சேவலும் தெரியாது, புதுச்சேரியும் தெரியாது.